பங்குச் சாமியாருக்கு ஒரு பெரிய சீட்

ஐம்பத்து நான்காவது வயதில், பெண்டாட்டியிடம் ஒரே ஒரு விஷயத்தையாவது மறைத்தே தீருவது என்று எர்மான்னோ சபதம் எடுத்தார். எடுத்த இடம்தான் சரியில்லை. பந்தயத் தளத்தின் ஓரத்தில், கார்ட் எனும் தன் குட்டிப் பந்தய வண்டியின் சீட்டில் இடுப்பு சிக்கிக்கொண்டு, கொடி காட்டுகிற ஆட்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு அக்குளில் கைகொடுத்து அவரை மேலே இழுத்துக்கொண்டிருந்த நேரம் அது.

"மூச்சை வெளிய விடுங்க!" என்றான் ஒருவன்.

"விட்டுட்டேன்!"

"அப்ப இன்னும் உள்ள மாட்டிக்கிட்டிருக்கறது என்ன?"

அது பத்து வருஷத்துப் பொலெந்தா என்கிற சோளக் களியும் வெண்ணெயும். அதைச் சொல்ல எர்மான்னோவிடம் மூச்சு இல்லை. மூன்றாவது இழுப்பில் ஆள் வந்தார். கூடவே வண்டியும் நாலு விரல் எழும்பி வந்து, பிறகு மனசு மாறித் தரையில் விழுந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் கைதட்டினார்கள். பதினைந்து வருஷப் பந்தய வாழ்க்கையில் அவருக்குக் கிடைத்த முதல் கைதட்டல்.

இத்தாலியில், கார்தா ஏரிக்குத் தெற்கே எங்கள் பக்கத்தில் கார்ட் என்பது விளையாட்டு இல்லை, வியாதி. ஒரு தெருவில் வண்டிச் சட்டம் பற்றவைக்கிறவன் இருப்பான், அடுத்த தெருவில் எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டு முழிக்கிறவன் இருப்பான். கைக்குழந்தை பிறந்த வீட்டுக்குப் போனால், 'யார் ஜாடை' என்று கேட்பதற்கு முன்னால் 'காலு நீளமா இருக்கே, பெடல் எட்டும்' என்பார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில் எர்மான்னோ வீரர் இல்லை, வேகக்காரர் இல்லை. நாற்பத்தைந்து தாண்டியவர்களுக்கான பிரிவில் வழக்கமாக ஒன்பதாவதாக வருகிறவர். ஒன்பதாவது என்றாலும் அது அவருடைய ஒன்பதாவது.

கார்ட் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அது நாற்காலி இல்லை. மெத்தை கிடையாது, பெல்ட் கிடையாது. கெட்டியான ஃபைபரில் வார்த்த ஒரு கிண்ணம், அவ்வளவுதான். அது இடுப்பைக் கவ்விப் பிடித்தால்தான் வளைவில் ஆள் வெளியே போய் விழாமல் இருப்பான். சட்டை மாதிரி எஸ், எம், எல் என்று அளவு உண்டு. எர்மான்னோ வாங்கியது எம். வாங்கியபோது அவரும் எம்.

அந்த வீட்டில் அவருக்கென்று இருந்த ஒரே ஆசனமும் அதுதான். சோபாவில் நீவெஸ் துணி மடித்து வைப்பாள். சாப்பாட்டு மேஜையில் ஜன்னலோர நாற்காலி நீவெஸுடையது. கார் ஓட்டுவது நீவெஸ். டிவி முன்னால் இருந்த சாய்வு நாற்காலியில் மட்டும் அவர் உட்காரலாம், அதுவும் பூனை எழுந்து போனால். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அந்தக் கிண்ணத்துக்குள் இறங்கும்போதுதான் மனுஷன் தனக்குத் தானே எஜமான்.

அதற்கும் நீவெஸ் ஒரு வேலி போட்டிருந்தாள். போன வருஷம் டாக்டர் ரத்தக் கொதிப்பு என்று சொன்ன அன்றைக்கே, சாப்பாட்டு மேஜையில், தன் அண்ணனை சாட்சி வைத்துக்கொண்டு சொன்னாள்: "இந்த சீட்டுல நீங்க நுழையற வரைக்கும் ஓட்டுங்க. நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். என்னிக்கு நுழையலையோ, அன்னிக்கு வண்டிய வித்துடணும். சம்மதமா?" வாயில் இருந்த ரொட்டியை விழுங்குகிற அவசரத்தில் எர்மான்னோ தலையை ஆட்டிவிட்டார். அப்படித் தலையாட்டி மாட்டியதெல்லாம் அவருக்குப் புதிதில்லை. கல்யாணமே அப்படி நடந்ததுதான்.

ஆக, விஷயம் இதுதான். வரும் ஞாயிறு வருஷத்தின் கடைசிப் பந்தயம். பழைய சீட்டில் இறங்கினால் வெளியே வர முடியாது. புது சீட் போட்டது தெரிந்தால் நீவெஸ் வண்டியை விற்றுவிடுவாள். நல்லவேளை, அவள் பந்தயம் பார்க்க வருகிறவள் இல்லை. யாருக்கும் தெரியாமல் பெரிய சீட்டாக மாற்றிவிட வேண்டும். மாற்றாவிட்டால் எர்மான்னோவின் சீட்டு அன்றைக்கே கிழிந்தது.

உள்ளூரில் வாங்க முடியாது. நீவெஸ் மெயின் ரோட்டில் முடி அலங்காரக் கடை வைத்திருக்கிறாள். ஊரில் எது நடந்தாலும் அது முதலில் அவள் கடையில், தலை காயவைக்கும் தொப்பிக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் ஏதாவது ஒரு பெண்ணின் வாய்க்கு வந்து சேரும். அதனால் எர்மான்னோ அடுத்த ஊரில் பத்திஸ்தா என்பவரின் கடைக்குப் போனார்.

"யாருக்கு சீட்?" என்றார் பத்திஸ்தா.

"மச்சானுக்கு."

"கூட்டிட்டு வாங்க. சீட்டும் செருப்பும் போட்டுப் பாக்காம வாங்கக் கூடாது."

"அவரு வெளியூர்ல இருக்காரு."

"ஆளு எப்படி இருப்பாரு?"

"கிட்டத்தட்ட என்னை மாதிரி."

பத்திஸ்தா அவரைத் தலையிலிருந்து பார்த்துக்கொண்டே கீழே வந்தார். நடுவில் கொஞ்ச நேரம் தங்கினார்.

"அப்ப நீங்களே மச்சானா நினைச்சுக்கிட்டு உக்காருங்க."

எல் சைஸில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது, மேலே நின்றார். பத்திஸ்தா தோளைப் பிடித்து அழுத்திப் பார்த்தார். சீட் முனகியது.

"மச்சான் நல்லா சாப்பிடுவாரோ?"

"அவரு வீட்டுக்காரி நல்லா சமைப்பா."

"பாவம், அந்தம்மா மேலயும் தப்பு இல்ல. இந்தாங்க, இதுக்கு மேல எங்கிட்ட அளவு கிடையாது."

எல்லாவற்றிலும் பெரியது. எர்மான்னோ இறங்கினார். இடுப்பு சத்தமில்லாமல் உள்ளே போயிற்று. இரண்டு பக்கமும் விரல் நுழைய இடம் இருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பத்திஸ்தா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "மச்சானுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்க" என்றார்.

புதன்கிழமை சாயங்காலம் நீவெஸ் கோயில் பாட்டுக்குழுவுக்குப் பயிற்சிக்குப் போவாள். போனால் இரண்டு மணி நேரம் ஆகும். எர்மான்னோ ஷெட்டைத் திறந்து, வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, பழைய சீட்டின் நாலு போல்ட்டையும் கழற்றி, புது சீட்டைக் கையில் எடுத்தார். ஆர்கன் வாசிக்கிற அம்மாவுக்கு அன்றைக்கென்று சளி பிடித்து, பயிற்சி நின்றுபோயிருந்தது.

"எர்மான்னோ."

வாசலில் நீவெஸ். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். 'என்னங்க' என்றால் பிழைக்க வழி உண்டு. பெயர் வந்துவிட்டால் விசாரணை.

"என்ன அது?"

"எது?"

"உங்க கையில இருக்கற அண்டா."

"இதா? இது சீட்."

"இவ்வளவு பெருசாவா? யாருக்கு?"

மச்சானுக்கு என்று சொல்ல வாய் வந்தது. நல்லவேளை, மச்சான் என்பது அவளுடைய அண்ணன் என்பது ஞாபகம் வந்தது. எர்மான்னோ ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். கோயில் மணிக்கூண்டு தெரிந்தது.

"சாமியாருக்கு" என்றார்.

"எந்தச் சாமியாருக்கு?"

"நம்ம பங்குச் சாமியாருக்குத்தான். தொன் ஃபெர்மோவுக்கு."

"அவருக்கு எழுபத்தொண்ணு ஆகுதேங்க!"

"அதான் பெரிய சீட். கோயில் கூரை ஒழுகுதில்ல? ஞாயித்துக்கிழமை கடைசிப் பந்தயத்துக்கு முன்னாடி அவரு ஒரு சுத்து ஓட்டப் போறாரு. பாக்கறவங்க உண்டியல்ல போடுவாங்க. நம்ம வண்டியைக் குடுன்னு கேட்டாரு. சாமியார் கேட்டா எப்படி முடியாதுன்னு சொல்றது?"

பொய்கூட இவ்வளவு சரளமாக வரும் என்று எர்மான்னோவுக்கே தெரியாது. நீவெஸ் அவரைப் பார்த்தாள். சீட்டைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள்.

"நல்ல காரியம்" என்றாள். "உங்க சீட்டைக் கழட்டிட்டு இன்னொருத்தருக்குப் போடறீங்களே, உங்களுக்குப் பெரிய மனசுங்க."

"ஏதோ நம்மால முடிஞ்சது."

"அந்தப் பழைய சீட் உங்களுக்கு இன்னும் சரியா இருக்குல்ல?"

"அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு."

"அப்ப சரி. இல்லேன்னா நம்ம ஒப்பந்தம் ஞாபகம் இருக்குல்ல? எங்கண்ணன்கூட நேத்து அதைத்தான் கேட்டாரு. வண்டி வாங்க ஆளு இருக்காம்."

எர்மான்னோ பழைய சீட்டைத் துடைக்க ஆரம்பித்தார். அதில் தூசியே இல்லை.

நீவெஸ் போகிற மாதிரி தெரியவில்லை. கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். "சீட்டை எப்படிங்க பொருத்துவீங்க? சாமியார் வந்து உக்காருவாரா?"

இதுதான் எர்மான்னோ யோசிக்காமல் விட்ட இடம். கார்ட்டில் சீட்டைச் சும்மா வைத்து முடுக்கிவிட முடியாது. ஓட்டுகிற ஆள் அதில் உட்கார வேண்டும். உட்கார்ந்து, கால் பெடலில், கை ஸ்டியரிங்கில் வைத்து, 'இங்க வலிக்குது, அங்க இடிக்குது' என்று சொல்லச் சொல்ல, இன்னொருத்தர் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு துளை போட வேண்டிய இடத்தில் பேனாவால் புள்ளி வைக்க வேண்டும். உட்காருகிறவரே புள்ளி வைக்க முடியாது. துளை போட்டது போட்டதுதான். இரண்டாம் தடவை போட்டால் ஃபைபர் விரிசல் விட்டுவிடும்.

"அவரு எங்க வரப் போறாரு? பூசை, ஞானஸ்நானம்னு அலையறாரு" என்றார் எர்மான்னோ.

"அப்ப நீங்க உக்காருங்க, நான் புள்ளி வைக்கறேன்."

அவர் உட்கார்ந்தால் சீட் சரியாகப் பொருந்திவிடும். பொருந்தினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

"நான் எப்படி? எனக்கு இது தொளதொளன்னு இருக்குமே! உள்ள உருளுவேன். சாமியார் உடம்பு இருக்கற ஆளுதான் உக்காரணும்." அவர் அவளைப் பார்த்தார். அப்போதுதான் அந்த யோசனை பளிச்சென்று வந்தது. "நீ உக்காரேன், நீவெஸ்! நீயும் சாமியாரும் ஒரே சைஸ்தான்."

சுவரில் மாட்டியிருந்த ஸ்பானர்கூட மூச்சு விடவில்லை.

"நானும் தொன் ஃபெர்மோவும்," என்றாள் நீவெஸ் மெதுவாக, "ஒரே சைஸ்."

"இடுப்புல மட்டும். அதுவும் குத்துமதிப்பா."

"உக்காரறேன். கோயில் காரியமாச்சே."

எர்மான்னோவுக்கு உள்ளுக்குள் குதிக்க வேண்டும் போல இருந்தது. அகலத்தில் நீவெஸும் அவரும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவளை வைத்தே தனக்கு அளவெடுத்துவிடலாம். பூனையைக்கொண்டே பூனைக்கு மணி கட்டிய சந்தோஷம். அவருக்கும் அவளுக்கும் அகலம் ஒன்றாக இருந்தாலும் நீளத்தில் ஒன்றரை சாண் வித்தியாசம் என்பது அந்தச் சந்தோஷத்தில் மறந்துபோனது.

வேலை சுலபமில்லை. புது சீட் அதைத் தாங்க வேண்டிய பழைய கம்பிகளுக்கு நடுவில் நுழையவில்லை. இரும்புக் குழாயை மாட்டி நெம்பி, கம்பிகளை வெளிப்பக்கம் வளைத்தார். வலதுபக்கம் எஞ்சின் இடித்தது. எஞ்சினைத் தளர்த்தித் தள்ளி வைத்தார். சீட்டுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்தார். நீவெஸ் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே இறங்கினாள். எர்மான்னோ பேனாவை வாயில் கவ்விக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தார்.

"சரியா இருக்கா?"

"சாமியாருக்குக் கால் கட்டைங்க. சீட் இன்னும் முன்னால வரணும்."

"இவ்வளவா?"

"இன்னும். அவரு பலிபீடத்துலயே முக்காலி போட்டுத்தான் நிக்கறாரு."

தள்ளினார்.

"முதுகு ரொம்ப சாயுது. அவருக்கு முதுகு வலி, தெரியும்ல? நிமித்துங்க."

நிமிர்த்தினார்.

"இப்ப ஸ்டியரிங் நல்லா கைக்கு வருது. ஆனா அவரு கை..."

"அவரு கையும் கட்டையா?"

"ஆமாங்க. ஆசீர்வாதம் பண்றப்ப பாத்ததில்லையா? இன்னும் கொஞ்சம் முன்னால. போதும், போதும். இங்கயே புள்ளி வைங்க."

எர்மான்னோ புள்ளி வைத்தார். தலைக்கு மேலே நீவெஸ் ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தாள். வாயால் 'ர்ர்ர்ம்' என்று சத்தம்கூட வந்தது.

"என்ன பண்ற?"

"சாமியார் வளைவுல திரும்பறப்ப முழங்கை இடிக்குதான்னு பாக்கறேன்."

"இடிக்குதா?"

"இல்ல. நல்லா இருக்கு." ஸ்டியரிங்கை இன்னொரு தடவை திருப்பிவிட்டு, "இந்த வண்டி வாங்கின புதுசுல நானும் ஒரு தடவை ஓட்டறேன்னு கேட்டேன். என்ன சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்?"

"சீட் உனக்குப் பத்தாதுன்னீங்க."

"அப்ப சீட் சின்னது."

"ஆமா," என்றாள் நீவெஸ். "அப்ப சின்னது."

துளை போட்டு, பெரிய வாஷர் வைத்து, போல்ட்டை முடுக்கினார். வீட்டுக்குள் போன் அடித்தது. நீவெஸ் எழுந்து போனாள். எழுந்து போவதற்கு அவளுக்கு யாரும் அக்குளில் கைகொடுக்க வேண்டியிருக்கவில்லை. அவள் வாசலைத் தாண்டியதும் எர்மான்னோ ஒரு நொடி உள்ளே இறங்கிப் பார்த்தார். இடுப்பு வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கிற்று. ஆஹா! காலடிச் சத்தம் கேட்டதும் எழுந்துவிட்டார். ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்க்க நேரமில்லை. தோன்றவும் இல்லை.

"பாட்டுக்குழுவுல இருந்து போன்" என்றாள் நீவெஸ். "சாமியார் ஓட்டறார்னு சொன்னேன். எல்லாரும் ஒண்ணா வரோம்னுட்டாங்க, பாக்க."

எர்மான்னோவின் கையிலிருந்து ஸ்பானர் விழுந்தது.

மறுநாள் காலை பூசை முடிகிற வரை காத்திருந்து, சாமியார் உடுப்பு மாற்றுகிற திருப்பாத்திர அறைக்குள் நுழைந்தார். தொன் ஃபெர்மோ அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தார். எர்மான்னோ கதவைச் சாத்திவிட்டு ஒன்றுவிடாமல் சொன்னார். சிக்கியது, ஒப்பந்தம், அண்டா, மணிக்கூண்டு எல்லாம்.

"ஆக, என் பேர்ல ஒரு பொய் சொல்லியிருக்க."

"பொய் இல்ல சாமி. நீங்க ஒரே ஒரு சுத்து ஓட்டிட்டா உண்மையாயிடும்."

"எனக்கு இருக்கற மூட்டுவலிக்கு நான் முழங்கால் போட்டே ரெண்டு வருஷம் ஆச்சு. உன் வண்டி தரையிலிருந்து ஒரு சாண் உயரம். உள்ள போனா அங்கயே எனக்குச் சாகற நேரத்துக் கடைசி எண்ணெய் பூச வேண்டியதுதான்."

"அப்ப வந்து வண்டிகளை மந்திரிச்சுட்டாவது போங்க. முட்டி வலின்னு நீங்களே சொல்லிடுங்க. சீட்டைப் பத்தி மட்டும் நீவெஸ்கிட்ட மூச்சு விடாதீங்க."

தொன் ஃபெர்மோ அங்கியை மடித்து மேஜையில் வைத்தார். உதட்டோரம் ஏதோ துடித்தது.

"அந்த சீட்டைப் பத்தி நான் யார்கிட்டயும் மூச்சு விட முடியாதுப்பா. அது பாவசங்கீர்த்தனத்துல கேட்ட விஷயம். பாவத்தை அறிக்கையிட்டுச் சொன்னதை வெளிய விடக் கூடாது."

எர்மான்னோ நெகிழ்ந்துபோனார். தான் சொன்னதை இவ்வளவு புனிதமாக எடுத்துக்கொள்கிறாரே மனுஷன்! தான் பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் போகவே இல்லை, மேஜைப் பக்கத்தில் நின்றுதான் பேசினோம் என்பது அவருக்கு உறைக்கவில்லை. கையை முத்தமிட்டுவிட்டு, விசில் அடித்துக்கொண்டே படியிறங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். தொன் ஃபெர்மோ வந்தார். பாட்டுக்குழு வந்தது. ஒவ்வொரு வண்டியாகப் புனித நீர் தெளித்துவிட்டு, மைக்கில் தனக்கு மூட்டுவலி, ஓட்ட முடியாது, ஆனாலும் கூரை ஒழுகத்தான் செய்கிறது என்று சாமியார் அறிவித்தார். எல்லாரும் சிரித்துக்கொண்டே உண்டியலைத் தேடிப் போனார்கள். அந்தக் கும்பலில் நீவெஸ் எங்கே என்று தெரியவில்லை. இதுதான் நேரம். ஏன் பழைய சீட்டை மாட்டவில்லை என்று அவள் பிறகு கேட்டால், நேரம் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.

எர்மான்னோ விலாவுக்குக் கவசம் கட்டி, அதன் மேல் பந்தய உடுப்பைப் போட்டு, ஜிப்பை இரண்டு தவணையில் இழுத்து மூடி, சீட்டுக்குள் இறங்கினார். இடுப்புக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் முழங்கால் தாடைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஸ்டியரிங் அவர் தொப்பைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

பந்தயத்துக்கு முன் எல்லா வண்டியையும் பரிசோதிக்கிற நடுவர் வந்தார்.

"இடது பக்கம் திருப்புங்க."

திருப்பினார். தொப்பை கூடவே வந்து, பாதியில் நின்றுகொண்டது.

"வலது?"

அதே கதை.

"தொப்பைய உள்ள இழுங்க."

"தொப்பை இல்ல சார். எங்க பிரிவுல வண்டியும் ஆளும் சேர்ந்து குறைஞ்சது நூத்தியெண்பது கிலோ இருக்கணும். ஒல்லியா இருக்கறவங்க சீட்டுல ஈயக்கட்டி கட்டறாங்க. நான் சொந்தமா வச்சிருக்கேன்."

"அந்தச் சொந்தத்தை உள்ள இழுங்க."

மூச்சை இழுத்துப் பிடித்தார். ஸ்டியரிங் அழகாகத் திரும்பியது.

"இப்ப மூச்சு விடுங்க."

விட்டார். ஸ்டியரிங் நின்றுவிட்டது.

"மூச்சு விடாம எத்தனை சுத்து ஓட்டுவீங்க?" நடுவர் தலையை ஆட்டினார். "நேரா மட்டும் போற வண்டிக்கு இங்க பந்தயம் இல்லீங்க. இறங்குங்க. இந்த வண்டிக்கு வேற ஆள் இருக்கா?"

"இருக்கேன்" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

எர்மான்னோவுக்குத் திரும்பிப் பார்க்கவே தேவையில்லை. முப்பது வருஷமாகக் கேட்ட குரல். நீவெஸ் பந்தய உடுப்பில் நின்றாள். நீல நிறம், முழங்கையில் அவளே போட்ட ஒட்டு. கையில், பந்தயம் ஓட்டத் தகுதி என்று டாக்டர் கொடுத்த சர்டிபிகேட்.

"நீயா?"

"சாமியார் ஓட்டலைன்னுட்டாரு. அளவெடுத்தது என்னை வச்சு. நீங்க பாடுபட்டுப் பொருத்தின சீட் சும்மா போகலாமா?"

"சர்டிபிகேட் எப்ப வாங்கின?"

"திங்கக்கிழமை. போன ஞாயித்துக்கிழமை உங்களை சீட்டுல இருந்து பிடுங்கி எடுத்தாங்களே, அந்தக் கொடியாளோட பெண்டாட்டி மறுநாள் தலைக்குச் சாயம் போட வந்தா." நீவெஸ் ஹெல்மெட்டை மாட்டினாள். "எழுந்திரிங்க. நேரமாகுது."

எழுந்தார். அவள் உட்கார்ந்தாள். முதுகு நிமிர்ந்து, முழங்கால் மடங்கி, கை ஸ்டியரிங்கில் பதமாக விழுந்தது. நடுவர் வண்டியோடு அவளை எடை மேடையில் ஏற்றச் சொன்னார். முள்ளைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"எடை பத்தலையேம்மா."

நீவெஸ் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினாள். "இன்னொரு தடவை சொல்லுங்க?"

"நீங்க எடை கம்மிம்மா."

"என்னங்க, கேட்டீங்களா? எனக்கும் சாமியாருக்கும் ஒரே சைஸ்னீங்களே! பாட்டுக்குழு, எல்லாரும் கேட்டுக்குங்க, நான் எடை கம்மியாம்! என்னங்க, கார் டிக்கியில உங்க பழைய ஈயக்கட்டி இருக்கு. எடுத்துட்டு வந்து கட்டுங்க."

டிக்கியில் ஈயக்கட்டி மட்டும் இல்லை. அதற்கான போல்ட்டும் வாஷரும் ஒரு டிபன் டப்பாவில் இருந்தன. எர்மான்னோ மண்டியிட்டுக் கட்டினார். தொன் ஃபெர்மோ பக்கத்தில் வந்து, அவர் தோளில் கை வைத்தார்.

"சாமி, உங்களுக்கு எல்லாம் தெரியுமா?"

"நான்தான் சொன்னேனேப்பா. பாவசங்கீர்த்தனத்துல கேட்ட விஷயம்னு."

"நான் எங்க சாமி பாவசங்கீர்த்தனம் பண்ணினேன்?"

"நீ பண்ணல" என்றார் சாமியார்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எர்மான்னோ பந்தயம் பார்த்தது அன்றைக்குத்தான். வயிறு எரிந்தது, மறைப்பானேன். அவருடைய வண்டி, அவருடைய எஞ்சின், அவர் முதுகு ஒடியப் போட்ட துளைகள். முதல் வளைவில் அவள் கடைசியாகப் போனபோது, 'அப்படித்தான், தெரியட்டும்' என்று மனசு சொன்னது. மூன்றாம் சுற்றில் அவள் இரண்டு பேரை உள்பக்கமாக முந்தினாள். அவர் பதினைந்து வருஷமாகப் பயந்து பயந்து பிரேக் போட்ட வளைவு அது. அவள் அங்கே பிரேக்கைத் தொட்ட மாதிரியே தெரியவில்லை.

"யாருங்க அது?" என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர்.

"என் பெண்டாட்டி" என்றார் எர்மான்னோ. சொல்லிவிட்டுத்தான் தன் குரலில் பெருமை இருந்ததைக் கவனித்தார். அடுத்த சுற்றில் அவரே வேலியைப் பிடித்துக்கொண்டு, "வெளிப்பக்கம் விடாத! நீவெஸ்! வெளிப்பக்கம்!" என்று தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருந்தார். பாட்டுக்குழு நாலு குரலில் கூட சேர்ந்துகொண்டது.

ஐந்தாவதாக வந்தாள். எர்மான்னோ வாழ்க்கையில் பார்க்காத ஐந்தாவது.

வண்டியை ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்தி, நீவெஸ் அப்படியே உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் வியர்வை. எர்மான்னோ பக்கத்தில் போய்க் குந்தினார். இனிமேல் மறைத்து என்ன ஆகப் போகிறது? வண்டியை விற்றால் விற்றுவிட்டுப் போகட்டும். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக, கேட்காமலே, உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார்.

"நீவெஸ், ஒண்ணு சொல்லிடறேன். வண்டிய விக்கணும்னா வித்துடு. அந்த சீட் சாமியாருக்கு வாங்கினது இல்ல. எனக்கு வாங்கினது."

நீவெஸ் கையுறையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"விக்க வேணாம். பெடலை மட்டும் ரெண்டு விரல் கிட்ட வச்சுக் குடுங்க" என்றாள். "அப்புறம், அந்த சீட் உங்களுக்கு வாங்கினதும் இல்லீங்க."